ஆற்றங்கரை வீடும் அமெரிக்கக் கர்னலும்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லும் பஸ் திரு.வி.க. பாலத்தின் மீது ஏறியதும், அதுவரை வியர்வையில் நனைந்து நின்று கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் இடது பக்கம் முகத்தைத் திருப்புவது வழக்கம். கடலிலிருந்து வரும் காற்று அங்கேதான் தடையில்லாமல் முகத்தில் படுகிறது. அந்தப் பக்கம் தென்கரையைப் பார்த்தால் அடர்ந்த மரக்கூட்டம். மரங்களின் ஊடே, ஆற்றைப் பார்த்தபடி ஒரு பழைய கட்டிடம். பிரம்ம ஞான சபையின் தலைமைக் காரியாலயம் அது. அடுத்த கணமே பாலம் முடிந்து, பஸ் மீண்டும் வெப்பத்துக்குள் இறங்கி விடுகிறது.

அந்த வீட்டில் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காற்றையே நம்பி வாழ்ந்த ஒரு மனிதரின் கதை இது. அவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்தவர் என்று இலங்கையிலும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இலவசப் பள்ளி வைத்தவர் என்று சென்னையிலும் அவரைத் தெரியும். ஒரு வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்பதிலும் அவர் கெட்டிக்காரர். அந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

சோளம் விதைத்தவர்

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தார். இளமையில் அவர் மனம் சென்றது மதத்தின் பக்கம் அல்ல, மண்ணின் பக்கம். விஞ்ஞான முறை விவசாயத்தைக் கற்றார். பண்ணைப் பள்ளி நடத்தினார். சர்க்கரை தரும் சோள வகைகளைப் பற்றி 1857-ல் ஒரு நூலே எழுதினார். நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் விவசாயப் பகுதியைக் கவனித்தார்.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. படையில் சேர்ந்தவருக்கு, ராணுவத்துக்குச் சரக்கு விற்பதில் நடந்த மோசடிகளைத் துப்புத் துலக்கும் வேலை கொடுக்கப்பட்டது. கர்னல் பட்டம் அப்போது வந்ததுதான். 1865-ல் ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்ட வழக்கின் விசாரணையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. போருக்குப் பின் வக்கீல் தொழில். கணக்கைப் புரட்டிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று சொல்லி விடக்கூடிய மனிதர். அதே மனிதர் 1874-ல் வெர்மாண்டில் ஒரு பண்ணை வீட்டில் ஆவிகள் தோன்றுகின்றன என்று கேள்விப்பட்டு எழுதப் போனார். அங்கே ரஷ்யாவிலிருந்து வந்திருந்த பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு ஆண்டு, 1875 நவம்பர் 17-ல், நியூயார்க்கில் பிரம்ம ஞான சபை தொடங்கிற்று. ஆல்காட் அதன் தலைவர்.

மண வாழ்க்கை முறிந்து, இரு புதல்வர்களையும் அமெரிக்காவில் விட்டு விட்டு, நாற்பத்தாறாவது வயதில் அவர் கப்பல் ஏறினார். இதைப் பெரிய துறவு என்று சொன்னவர்களும் உண்டு. பொறுப்பைத் தட்டிக் கழித்ததாகச் சொன்னவர்களும் உண்டு. 1879 பிப்ரவரி 16-ல் அவரும் அம்மையாரும் பம்பாயில் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டு இலங்கையில் காலி நகரில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர்களானார்கள்.

ஒன்பதாயிரம் ரூபாய்

1882-ஆம் ஆண்டு கோடையில் இருவரும் சென்னைக்கு வந்தார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அவர்களைச் சூழ்ந்து கொண்டார்கள். திவான் பகதூர் ரகுநாத ராவ் சென்னைக் கிளைக்குத் தலைவரானார். மே மாதத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் நெல்லூர் வரை சென்று, குண்டூர் பார்த்து, அவர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். வெயிலில் படகிலேயே பல நாள் கழித்தவர்களுக்கு, தண்ணீரின் மேல் வரும் காற்றுக்கும் தரையின் மேல் வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மே 31-ஆம் தேதி, நீதிபதி முத்துசாமி செட்டியாரின் புதல்வர்கள் அவர்களை அடையாற்றங்கரைக்கு அழைத்துச் சென்று ஒரு தோட்ட பங்களாவைக் காட்டினார்கள். ஹடில்ஸ்டன் தோட்டம் என்று அதற்குப் பெயர். 27 ஏக்கர் நிலம், ஒரு பெரிய மாளிகை, ஆற்றை ஒட்டி இரண்டு சிறு பங்களாக்கள், செங்கல்லில் கட்டிய குதிரை லாயம், நீச்சல் குளம், மாமரமும் ஆலமரமும் நிழல் தரும் பாதை. விலை சுமார் ஒன்பதாயிரம் ரூபாய்.

இவ்வளவு மலிவு ஏன்? அதற்குக் காரணம் ரயில். நீலகிரி அடிவாரம் வரை ரயில் போட்டாகி விட்டது. சென்னைத் துரைமார்கள் கோடையின் பெரும் பகுதியை உதகமண்டலத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக யோசித்து யோசித்துக் கட்டிய வீடுகள், வெப்பத்தை விட்டே ஓடி விடலாம் என்ற வசதி வந்ததும் விலை போகாமல் கிடந்தன. பூமியில் உழன்ற ஆல்காட்டின் கண்ணுக்கு இது உடனே பட்டிருக்க வேண்டும். பணம் கையில் இல்லை. பி. அய்யாலு நாயுடு ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தார். மீதிக்கு முத்துசாமி செட்டியார் எளிய நிபந்தனையில் கடன் ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு டிசம்பர் 19-ல் சபை பம்பாயை விட்டு அடையாற்றுக்குக் குடி வந்தது.

வீடு எப்படி மூச்சு விட்டது?

அந்தக் காலத்துச் சென்னைத் தோட்ட பங்களாக்களின் சூட்சுமத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று ஆற்றுக்கும் கடலுக்கும் எதிரே அடுக்கு மாடி கட்டுகிறவர்கள், ஜன்னலைக் கண்ணாடியால் மூடி, உள்ளே குளிர் இயந்திரம் வைத்து, பிறகு மின்சாரச் செலவைக் குறைப்பது எப்படி என்று நிபுணர்களைக் கேட்கிறார்கள். மின்சாரமே இல்லாத நாளில் கொத்தனாரும் தச்சரும் இதற்கு என்ன விடை கண்டிருந்தார்கள்?

முதலில் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர். பகல் முழுவதும் வெயிலைக் குடித்தாலும் அது உள்ளே வந்து சேர நேரமாகும்; சேரும் நேரத்தில் பொழுது சாய்ந்திருக்கும், கதவுகளைத் திறந்து விடலாம். சுவர் மேல் பூசிய சுண்ணாம்பு, கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கருவும் கலந்து தேய்த்தால் சலவைக் கல் போலப் பளபளக்கும். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அந்த நாளில் ஐரோப்பிய யாத்திரிகர்களிடையே பெரிய பெயர். அழகு மட்டுமா? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காமல் வெளியே விட்டு விடும். உப்புக் காற்றும் உவர் நீரும் உள்ள ஆற்று முகத்தில் இது சாமானிய விஷயம் அல்ல. சிமெண்டும் இரும்புக் கம்பியும் அதே உப்பில் என்ன பாடு படுகின்றன என்று கடற்கரைக் குடியிருப்புகளில் கூரை பெயர்ந்து விழுந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அடுத்தது கூரை. உலகம் முழுவதும் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வாங்கியது இது. தேக்கு உத்திரங்களின் மேல் கைமரங்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் வரிசை வைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அதற்கு மேல் தட்டோடு. மரம் பழுதானால் அந்த மரத்தை மட்டும் மாற்றலாம்; ஓடு விரிந்தால் அந்த ஓட்டை மட்டும் எடுத்து விட்டு வேறு வைக்கலாம். பகுதி பகுதியாகப் பழுது பார்க்கக் கூடிய வீடு நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு நிற்கிறது என்றால் அதிசயம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. கோடையில் காலை நேரம் மேற்கே நிலத்திலிருந்து அனல் வீசும். நண்பகலை ஒட்டிக் கடல் காற்று எழுந்து கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும். ஆகவே காலையில் மரச் சட்டம் போட்ட கதவுகளைச் சாத்தி வைத்து, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து, கடல் காற்று வந்ததும் எல்லாவற்றையும் திறந்து விடுவது வழக்கம். உயர்ந்த கூரைக்குக் கீழே வெப்பக் காற்று மேலே போய்த் தங்கும். மனிதன் கீழே குளிர்ச்சியில் இருப்பான். அகன்ற தாழ்வாரம் வெயிலையும் மழைச் சாரலையும் சுவரிலேயே படாமல் தடுக்கும். ஆல்காட் வாங்கிய வீட்டுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. வடக்கே ஆறு, கிழக்கே சிறிது தூரத்தில் கடல், சுற்றிலும் பெருமரங்கள். மாடியில் பிளாவட்ஸ்கி அம்மையார் வசித்தார். அங்கிருந்து பார்த்தால் ஆறும் கடலும் சேரும் முகம் தெரியும். ஆற்றோரத்துச் சிறு பங்களாக்களில் ஒன்று இன்றும் ஆல்காட் பெயராலேயே வழங்குகிறது.

ஆற்றங்கரையில் வீடு என்றால் ஆபத்தும் உண்டு. வடகரையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 1796-ஐ ஒட்டிக் கோட்டை போல ஒரு மாளிகை கட்டினார். சில ஆண்டுகளுக்குள் அதே ஆற்றில் படகில் சென்றபோது மூழ்கி இறந்தார். அந்த மாளிகை பின்னாளில் அரசு இசைக் கல்லூரியாயிற்று. அங்கே எதிரொலித்த சங்கீதத்தைக் கேட்டவர்களுக்கு இந்தச் சோகம் நினைவிருக்க நியாயமில்லை.

சுவரில் வெட்டிய பலகை

வீடு வாங்கி இரண்டு ஆண்டு முடிவதற்குள், அந்த வீட்டின் சுவரே சபையின் மானத்தைச் சோதித்தது. 1884-ல் ஆல்காட்டும் அம்மையாரும் ஐரோப்பாவில் இருந்தார்கள். வீட்டை நிர்வகித்து வந்த கூலோம் தம்பதிகள் மே மாதம் வெளியேற்றப்பட்டார்கள். கணவருக்குத் தச்சு வேலை தெரியும். மாடியில், மகாத்மாக்களின் கடிதங்கள் அற்புதமாக வந்து சேர்வதாகச் சொல்லப்பட்ட மாடத்தின் பின்புறச் சுவரில் நகரும் பலகைகள் இருந்தது தெரிய வந்தது. அம்மையார் சொல்லித்தான் வைத்தோம் என்றார் கூலோம் சீமாட்டி. அவரைக் கெடுக்கவே பின்னால் வெட்டி வைத்தார்கள் என்றது சபை. செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை கடிதங்களை வெளியிட்டது. லண்டனிலிருந்து ஹாட்ஜ்ஸன் என்பவர் வந்து விசாரித்து, 1885 இறுதியில் வெளியான அறிக்கையில் அம்மையாரை மோசடிக்காரர் என்று தீர்த்து விட்டார். நூறு ஆண்டுக்குப் பிறகு, 1986-ல், வெர்னான் ஹாரிஸன் என்ற கையெழுத்து நிபுணர் அந்த அறிக்கையையே பாரபட்சமானது என்று கண்டித்து எழுதினார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

மோசடிகளைத் துலக்கியே கர்னல் பட்டம் பெற்றவருக்கு, தம் வீட்டு மாடியிலேயே அப்படி ஒரு வழக்கு! அம்மையார் நீதிமன்றம் போக விரும்பினார். வக்கீல் ஆல்காட் தடுத்தார். நோயாளியான அம்மையார் 1885 மார்ச் 31-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். திரும்பி வரவே இல்லை. 1891-ல் லண்டனில் காலமானார். ஆல்காட் அன்று அவரைக் கைவிட்டு விட்டார் என்று சபைக்குள்ளேயே பலர் மனம் கசந்தார்கள். அந்தக் கசப்பில் நியாயம் இல்லை என்று சொல்லி விட முடியாது.

ஆனால் அவர் வீட்டைக் கைவிடவில்லை. ஊர் சிரித்துக் கொண்டிருந்தபோது அவர் செய்தது, அந்த வீட்டிலேயே ஒரு நூல் நிலையம் அமைத்தது. 1886 டிசம்பர் 28-ல் அடையாறு நூல் நிலையம் திறக்கப்பட்டது. ஹிந்து, பௌத்த, பார்ஸி, இஸ்லாமியப் பெரியவர்கள் ஒரே மேடையில் நின்று ஆசி கூறினார்கள். ஆரம்பத்தில் அவருடைய சொந்தப் புத்தகங்கள் சுமார் இருநூறு. தம் பிரயாணங்களில் எல்லாம் ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். பழைய வீட்டை இடித்து விட்டுப் புது மண்டபம் எழுப்பியிருந்தால் பெயர் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். அவர் பழைய மாளிகையை நடுவில் வைத்துக் கொண்டு, தேவை வரும்போது பணம் இருக்கும் அளவுக்கு மட்டும் பக்கங்களில் சேர்த்துக் கொண்டே போனார். ஆண்டு தோறும் டிசம்பரில் கூடும் மகாநாட்டுக்கு இடம் வேண்டும், கூடம் விரிந்தது. சுவடி பெருகிற்று, அறை கூடிற்று.

அந்த டிசம்பர் கூட்டங்களைப் பற்றி ஒரு செய்தி. 1884 மகாநாட்டுக்கு வந்தவர்களில் பதினேழு பேர், மயிலாப்பூர்ப் பக்கம் ரகுநாத ராவின் வீட்டில் கூடி, நாடு தழுவிய ஓர் அரசியல் ஸ்தாபனம் வேண்டும் என்று பேசினார்கள் என்றும், மறு ஆண்டு பிறந்த காங்கிரசுக்கு அதுவே வித்து என்றும் அன்னி பெசண்ட் அம்மையார் பின்னாளில் எழுதினார். சரித்திர ஆசிரியர்கள் எல்லாரும் அதை ஒப்புக் கொள்வதில்லை.

ஊட்டிக்குப் போகவிருந்தவர்

ஒரு முறை ஆல்காட்டே அடையாற்றை விட்டுப் போய் விடப் பார்த்தார். சபையின் செல்வாக்கு லண்டன் பக்கம் சாய்ந்திருந்த நேரம். உடம்பும் தளர்ந்திருந்தது. எந்த உதகமண்டலம் சென்னைத் துரைமார்களை இழுத்துக் கொண்டு இந்த வீட்டை மலிவாக்கியதோ, அதே உதகமண்டலத்தில் அவரும் குலிஸ்தான் என்ற பெயரில் ஒரு சிறு வீடு கட்டிக் கொண்டார். 1892 ஜனவரியில் தலைமைப் பதவியிலிருந்து ராஜிநாமாக் கடிதம் அனுப்பினார். சபையின் கிளைகள் வேண்டிக் கொண்டதன் பேரில் ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றார். அவர் மலையிலேயே தங்கியிருந்தால் அடையாற்று வீட்டின் கதி என்னவாகியிருக்கும்? 1895-ல் அமெரிக்கக் கிளையின் பெரும் பகுதி பிரிந்தே போயிற்று. அப்போது சபைக்குக் காலூன்ற மிஞ்சியது இந்த ஆற்றங்கரைதான்.

மலையிலிருந்து இறங்கி வந்தவர் செய்த வேலைகளில் முக்கியமானது 1894-ல் தொடங்கியது. அந்நாளில் பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காக, சபையின் தோட்டத்துக்கு அருகிலேயே இலவசப் பள்ளியை ஏற்படுத்தினார். 1898-ல் அயோத்திதாச பண்டிதர் பௌத்தம் தழுவ விரும்பியபோது, அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றவரும் ஆல்காட்தான். திரும்பி வந்த பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்துக்குள் பிராமண வக்கீல்கள் வேதாந்தம் பேசிக் கொண்டிருக்க, வேலிக்கு வெளியே இந்தப் பள்ளி நடந்தது. சபையின் பிரமுகர்களில் எத்தனை பேருக்கு அது உவப்பாக இருந்தது என்பது வேறு கேள்வி.

கடைசிப் பிரயாணம்

1906 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், கப்பல் படிக்கட்டில் வழுக்கி விழுந்து ஆல்காட் பலமாகக் காயமடைந்தார். இத்தாலியில் ஜெனோவா ஆஸ்பத்திரியில் கிடந்தவர், எங்கே சாவது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். டிசம்பரில் அடையாறு வந்து சேர்ந்தார். இருதயம் பலவீனப்பட்டிருந்தது. 1907 பிப்ரவரி 17-ஆம் தேதி காலையில், அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது. வயது 74. பல மதத்தினரும் தத்தம் பிரார்த்தனையைச் சொல்ல, தோட்டத்து நிலத்திலேயே தகனம் நடந்தது.

அவருக்குப் பின் தலைமையேற்ற அன்னி பெசண்ட் அம்மையார் பக்கத்துத் தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கி, 27 ஏக்கரைச் சுமார் 250 ஏக்கராக விரித்தார். பிரசித்தி பெற்ற அடையாறு ஆலமரம் ஆல்காட்டின் சொத்து என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது நின்ற நிலம் அவர் இறந்த மறு ஆண்டுதான் சபைக்கு வந்தது. அதன் தாய் மரம் 1989-ல் புயலில் சாய்ந்தது, விழுதுகள் நிற்கின்றன. நூல் நிலையம் 1960-களில் தோட்டத்துக்குள்ளேயே தனிக் கட்டிடத்துக்கு மாறிற்று. ஆற்றை நோக்கிய பழைய வீடு தலைமைக் காரியாலயமாகவே இருந்து வருகிறது.

ஆறுதான் அதே ஆறாக இல்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடுவதும், வடகிழக்குப் பருவ மழையில் வெள்ளம் அதை உடைத்துக் கொண்டு கடலுக்குப் போவதும் ஆல்காட் காலத்திலும் நடந்ததுதான். ஆனால் அன்று வெள்ளம் பரவ இடம் இருந்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தபோது, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரை நெடுக வீடுகள் மூழ்கின. ஆற்றுக்கு மிக அருகே வீடு, ஆனால் வீட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்க மண்ணும் மரமும் என்ற பழைய கணக்கு, அந்தக் கரைகளில் எங்கும் மிச்சமில்லை. எதிர்க் கரையில் குப்பை மேடாகிக் கிடந்த கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டுச் சதுப்பு நிலப் பூங்காவாக்கி 2011-ல் திறந்தார்கள். மீனும் பறவையும் திரும்பத் தொடங்கின.

தோட்டத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டினால், ஆறு கடலில் விழும் இடத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பு உண்டு. மாலையில் அங்கே கட்டுமரமும் பைபர் படகும் மணலில் கிடக்கும். பெண்கள் மீன் கூடையோடு பெசன்ட் நகர்ப் பக்கம் நடப்பார்கள். ஊரூர் ஆல்காட் குப்பம் என்பது அதன் பெயர்.